இரண்டாம் வரிசைக் குரல்

“…ஒம்பது, பத்து, பதினொண்ணு.” எண்ணி முடித்த பிறகுதான் எல்டன் டிட்மார் மூச்சு விடுகிறார். நம் அணி மைதானத்தில் வரிசை கட்டும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். கையுறைக்குள் விரல்கள் மடங்கும். கண் இடமிருந்து வலமாக ஓடும். ஒரு சனிக்கிழமைக்கு அறுபது எழுபது தடவை. காரணம் உண்டு. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு முக்கியமான ஆட்டத்தில் ஃபெல்மன் பத்துப் பேரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டார். பதினோராவது ஆள் தண்ணீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். எல்டன் அந்தப் பழத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

ஃபெல்மன் எங்கள் பெல்மார்ஷ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கோச். ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறார். ஜெயித்ததும் தோற்றதும் ஏறக்குறைய சமம். அணியின் பெயர் நாரைகள். மைதானத்தில் பதினோராயிரம் இருக்கைகள். ஊரில் அவ்வளவு பேர் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. எல்டனின் இருக்கை இரண்டாம் வரிசையில், நம் ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு நேர் பின்னால். அங்கிருந்து ஃபெல்மனின் பிடரிக்குப் பதினைந்து அடி. அந்தப் பிடரியை எல்டன் அறிந்த அளவுக்கு ஃபெல்மனின் மனைவி அறிந்திருக்க வாய்ப்பில்லை.

செவ்வாயும் வியாழனும் எல்டனுக்கு மாட்டுச் சந்தையில் வேலை. ஏலம் விடுபவர் மேடையில் இருப்பார். எல்டன் கீழே, மாடு சுற்றி வரும் வளையத்தின் ஓரத்தில் நிற்பார். வாங்க வந்த பண்ணைக்காரர்கள் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் தொப்பியைத் தொடுவார், ஒருவர் பேனாவைச் சாய்ப்பார், ஒருவர் கண்ணை மூடித் திறப்பதோடு சரி. அதைக் கவனித்து அவர்கள் சார்பில் “யெப்!” என்று கத்த வேண்டும். முப்பத்தெட்டு வருடங்களாகக் கத்துகிறார். அரசாங்கத்துக்காக எடைமேடைகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. அந்தச் சந்தைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போவேன். தகரக் கூரைக்குக் கீழே இருநூறு காளைகள் கத்தும்போதும் அந்த “யெப்” தனியாகக் கேட்கும். ஒருமுறை ஒலி அளவியை வைத்துப் பார்த்தேன். காளைகளைவிட நான்கு டெசிபல் அதிகம்.

சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “காளைக்குத் தொண்ட பெரிசுதான். ஆனா அதுக்கு டிரெயினிங் இல்ல பாரு.”

மனிதர்களையும் அவர் மாட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார். புது ஆட்டக்காரன் ஒருவன் ஓடி வந்தால் முதலில் கணுக்கால், பிறகு முதுகு, கடைசியாகக் கண். “கால் நல்லாருக்கு. முதுகு நேரா இருக்கு. ஆனா கண்ணப் பாரு, மெரளுற ரகம்.” பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்போதும் சூயிங் கம் மென்றுகொண்டிருக்கும் ஃபெல்மனைப் பற்றி அவர் தீர்ப்பு சுருக்கமானது: “நல்ல எலும்பு. அசை போட மட்டுந்தான் தெரியும்.”

கெட்ட வார்த்தை பேசமாட்டார். சந்தைக்குப் போதகரும் வருவார், போதகரின் மனைவியும் வருவார், அந்தப் பழக்கம். அதனால் ஃபெல்மனை மரியாதை குறையாமல் திட்டுகிறார். பத்துக் கஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு தடவை வாய்ப்பு; நான்காவது தடவை ஃபெல்மன் முயன்று பார்க்காமல் பந்தை எதிரணிப் பக்கம் உதைக்கச் சொல்லிவிடுவார்.

“அய்யா ஃபெல்மன்! ஒரே ஒரு கஜம்ங்க! குப்புற விழுந்தாக்கூட வந்துரும்! அதுக்குப் போயி பந்த ஒதச்சு அவனுக்கே குடுக்குறீங்களே!”

அதைவிடப் பெரிய குறை டைம் அவுட். ஒரு பாதி ஆட்டத்தில் மூன்று முறை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஃபெல்மனுக்குக் கேட்க மனம் வராது. கடைசி மணி அடிக்கும்போது மூன்றும் அப்படியே இருக்கும்.

“மூணு இருக்குங்க! எதுக்கு வச்சிருக்கீங்க? வீட்டுக்குக் கொண்டுபோயி ஃப்ரீசர்ல வைக்கவா?”

ஒன்பது ஆண்டுகளில் இப்படி வீட்டுக்குப் போனவை நூற்று நாற்பத்தொன்று என்கிறார். நான் சரிபார்த்தேன். நூற்று முப்பத்தொன்பது.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் அம்மா வெர்னா. இருவருக்கும் வேறு பழக்கம் கிடையாது. ஆண்டுக்கு ஆறு சனிக்கிழமைகள், அந்த இரண்டு இருக்கைகள், அவ்வளவுதான். எங்கள் வீடு எந்தத் தெருவில் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு மனைவி உண்டு என்பது, மனைவி இறந்த மறு ஆண்டுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஆறு நாளும் வாய் ஓயாது. நான் எப்போதாவது கூடப் போனால் நடுவில் உட்காராமல் பார்த்துக்கொள்வேன்.

“ஏன்யா டிட்மார், அந்த மனுஷன் செவிடுன்னு நெனச்சியா?”

“காது கேட்டா இப்பிடி ஆட வைப்பாரா அம்மணி?”

“பாவம்யா. பாதிப் பேருக்குக் கால்ல கட்டு. இவங்கள வச்சுக்கிட்டு அவரு என்னதான் பண்ணுவாரு?”

“நாலாவது தடவ ஒதைக்கச் சொல்றதுக்கும் கால் கட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“நீ போயி அங்க நின்னு பாரு. மூணு நிமிஷத்துல உன் பேன்ட் ஜிப் தெறந்திருக்குறத டிவில காட்டுவான்.”

அம்மா ஒரு முறைகூட ஃபெல்மனை விட்டுக்கொடுத்ததில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொல்வார்: “அந்த ஆளு சுத்த தண்டம்.”

“அப்புறம் ஏம்மா அங்க உக்காந்து சப்போர்ட் பண்ணின?”

“ரெண்டு பேருமே திட்டினா அப்புறம் என்னத்தப் பேசுறது?”

மார்ச்சில் அம்மா இறந்தார். இருக்கை என் பெயருக்கு மாறியது.

செப்டம்பரில் முதல் ஆட்டம். எல்டன் எழுந்து நின்று எனக்கு வழிவிட்டார், உட்கார்ந்தார், நான்காம் தடவை ஒரு கஜத்துக்காகக் காத்திருந்தார். அது வந்தது. ஃபெல்மன் பந்தை உதைக்கச் சொன்னார்.

“பாத்தியா பாப்பா? ஒதைக்குறாரு பாரு! என்ன சொல்ற?”

“நீங்க சொல்றது சரிதாங்க. இந்த எடத்துல முயற்சி பண்ணினா பத்துக்கு ஏழு தடவ கெடைக்கும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். ஏலத்துக்கு வந்த மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து ஏமாந்தவரின் முகம். “சரின்னு சொன்னா எப்பிடி பாப்பா?”

இரண்டாவது ஆட்டத்தில் கெஞ்சவே செய்தார். “பாவம்னு ஒரு வார்த்த சொல்லேன்.”

“ஆதாரம் இல்லீங்களே.”

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கால் பகுதி முழுக்க அவர் கத்தவில்லை. பின் வரிசையிலிருந்து ஓர் ஆள் குனிந்து கேட்டார்: “பெரிசு, ஒடம்பு சரியில்லையா? இல்ல அந்தாளு ஒழுங்கா ஆடுறானா?”

நவம்பரில் கிராண்டின் என்ற ஊரின் அணியோடு ஆட்டம். அதில் தோற்றால் ஃபெல்மனுக்கு வேலை போகும் என்று முடிதிருத்தும் கடையிலிருந்து தேவாலயம் வரை பேச்சு. கடைசி ஆறு விநாடிகள். நாம் இரண்டு புள்ளி பின்னால். பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. பக்கம்தான். நம் உதைப்பாளன் அந்தத் தூரத்தில் தவறவிடுவதில்லை. ஃபெல்மனிடம், வழக்கம்போல, ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது.

நம் ஆள் உதைக்கும்போது எங்கள் ஊர்க் கூட்டம் ஜெபத்தில் அடங்குவதுபோல அடங்கிவிடும். அழும் குழந்தையின் வாயில் சுருள் ரொட்டியைத் திணித்துவிடுவார்கள். பதினோராயிரம் வாய்களும் மூடின. ஓர நடுவர் எங்களுக்கு முதுகு காட்டி, பந்தின்மேல் கண் வைத்து நின்றார். அவருக்கு ஒரு முழம் பின்னால் ஃபெல்மன். கோச் டைம் அவுட் கேட்டால் நடுவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். குரல் கேட்டதும் ஊதிவிடுவார்.

எல்டனின் விரல்கள் மடங்கின. ஒன்பது. பத்து. அங்கேயே நின்றன.

“டைம் அவுட்! டைம் அவுட்!”

அது செவ்வாய்க்கிழமைக் குரல். விசில் ஒலித்தது. அதற்குள் பந்து கிளம்பிவிட்டது. இரண்டு கம்பங்களுக்கும் சரிநடுவே போனது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வீசிக்கொண்டே ஓடினார். செல்லாது. மறுபடி உதைக்க வேண்டும்.

மறுபடி உதைத்தான். பந்து வலது கம்பத்தில் பட்டது. அந்த ‘டங்’ பதினோராயிரம் பேருக்கும் கேட்டது.

பதினோரு பேரும் இருந்தார்கள். பதினோராவது ஆள் மண்டியிட்டுப் பந்தைப் பிடிக்கக் காத்திருந்தான். இரண்டாம் வரிசை தாழ்வானது. எல்டனின் கண்ணுக்கும் அவனுக்கும் நடுவே ஃபெல்மனின் முதுகு இருந்தது. அகலமான முதுகு.

“தன் ஆளையே கெடுத்துட்டானே ஃபெல்மன், படுபாவி!” என்று பின்னாலிருந்து யாரோ அலறினார்கள். பிறகு எல்லோரும். ஒன்பது வருடங்களாக எல்டன் தனியாகச் சொல்லிவந்ததை மைதானம் முழுவதும் எழுந்து நின்று சொன்னது. அவர் உட்கார்ந்துவிட்டார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஃபெல்மன் தொலைக்காட்சிக்காரர்களிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: “அது என் பொறுப்பு.”

மறுநாள் ஞாயிறு மதியம் எனக்குத் தொலைபேசி வந்தது. என் எண் சந்தை எடைமேடைச் சான்றிதழில் இருக்கிறது.

“பாப்பா, ஒரு கணக்கு போடணும். பதினேழு அடி. அந்த நடுவருக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கும்.”

“எதிர்க்காத்து அடிச்சுதே?”

“ஒங்க முதுகுப் பக்கமாத்தான் அடிச்சுதுங்க.”

“ஃபெல்மனும் அதே சமயத்துல கேட்டிருக்கலாம்ல?”

“டிவில பாத்தேன். அவரு வாயே தெறக்கல. அசை போட்டுக்கிட்டிருக்காரு.”

“எத்தன தடவ பாத்த?”

“பதினாலு.”

“நானுந்தான்” என்றார். அவர் வீட்டில் ஏதோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “புதன்கெழம கமிட்டி கூடுது. அவர அனுப்பிருவாங்க. ஒம்பது வருஷமா நான் இதத்தான கேட்டேன்?”

“ஆமாங்க.”

“ஆமான்னு சொல்லாத! டிக்கெட் பின்னாடி என்ன போட்டிருக்கு தெரியுமா? ஆட்டத்துல தலையிட்டா இருக்கை ரத்து. பொடி எழுத்துல. இத்தன வருஷத்துல நேத்து ராத்திரிதான் படிச்சேன்.” மூச்சு வாங்கினார். “அம்மணி இருந்தா எண்ணிருப்பா.”

“என்னத்த?”

“ஆளத்தான். நான் எண்ணி முடிச்சதும் அவளும் எண்ணுவா. சீட்டு மேல ஏறி நின்னுக்குவா. நான் பத்துன்னா, ‘பதினொண்ணு, உக்காரு’ன்னு சட்டையப் புடிச்சு இழுப்பா. வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது நடக்கும். ஒரு தடவகூட அவ எண்ணினது தப்பில்ல.”

எனக்கு இது தெரியாது. ஒரே எடைக்கல்லை இரண்டு முறை நிறுத்துப் பார்க்காமல் நான் எங்கும் முத்திரை வைத்ததில்லை. அந்த இருக்கையில் மட்டும் மூன்று மாதங்கள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“நாளைக்குச் சாயந்தரம் வர்றியா?” என்று கேட்டார். எங்கே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

திங்கட்கிழமை மாலைகளில் நெடுஞ்சாலை ஓர உணவகத்தில் கோச்சின் வானொலி நிகழ்ச்சி நடக்கும். நேரடி ஒலிபரப்பு. ஃபெல்மன் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும் தின்றபடி கேள்விகளுக்குப் பதில் சொல்வார். பக்கத்தில் அறிவிப்பாளர் கிளின்ட். எல்டன் வழக்கமாக வீட்டிலிருந்து தொலைபேசியில் வருவார். கிளின்ட் அவரைக் கடைசியில் எடுத்து, இரண்டாவது வாக்கியத்தில் வானிலை அறிக்கைக்குப் போய்விடுவார்.

அன்று உட்கார இடமில்லை. மைக்கில் கேள்வி கேட்க நின்ற வரிசை சமையலறைக் கதவு வரை நீண்டிருந்தது. ஃபெல்மனின் கிண்ணத்தில் சில்லி ஆறி ஆடை கட்டியிருந்தது. எல்டன் உள்ளே நுழைந்ததும் கூட்டம் விலகியது. வரிசையில் முதலில் நின்ற டிராக்டர் மெக்கானிக் பின்னால் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“பெரிசு, நீ மொதல்ல. இன்னிக்கு ஒன் நாளு. உரிச்சுப் போடு!”

சிலர் கைதட்டினார்கள். இரண்டு முறை தேர்தலில் நின்று தோற்றவர் எல்டன், பள்ளிக் குழுவுக்கு. அந்தக் கைதட்டலில் பாதி கிடைத்திருந்தால் ஜெயித்திருப்பார். மைக்கைக் கையில் எடுத்தார். என்னைத் தேடினார். நான் கதவோரம் நின்றேன்.

“எல்டன் பேசுறேன். ஓடைத் தெருவுலேருந்து.”

சிரிப்பு.

“சனிக்கெழம அந்த டைம் அவுட்ட இவரு கேக்கல. நான் கேட்டேன்.”

சிரிப்பு கூடியது. கிளின்ட் மேசையைத் தட்டிச் சிரித்தார். “எல்டன், அருமை! சரி, கோச்சுக்கு என்ன கேள்வி?”

“ஜோக்கு இல்ல தம்பி. பத்துப் பேருதான்னு நெனச்சேன். நான் கத்தினேன். நடுவரு ஊதிட்டாரு.”

“அவ்வளவு தூரத்துலேருந்து ஒருத்தர் கத்தி…”

“நம்பலையா?” எல்டன் மைக்கை மேசைமேல் வைத்தார். நான்கு அடி பின்னால் போனார். கால்களை அகட்டி நின்றார்.

“டைம் அவுட்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிளின்ட்டின் கருவியில் முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் தட்டு ஒன்று உடைந்தது. சமையல்காரர் ஏப்ரனோடு வெளியே வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

எல்டன் திரும்பி வந்து மைக்கை எடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதர் அதோடு உட்கார வேண்டும். அது அவரால் முடியாது.

“ஆனா ஒண்ணு அய்யா ஃபெல்மன். கேக்கலன்னா கேக்கலன்னு நடுவருகிட்டப் போயி சண்ட போட வேண்டாமாங்க? பதினோரு செகண்டு சும்மா நின்னீங்க. அதுவும் எங்க நின்னீங்க? அந்தப் பையன மறைச்சுக்கிட்டு! நீங்க ஒரு சுத்து எளச்சிருந்தீங்கன்னா நான் சரியா எண்ணிருப்பேன்!”

ஃபெல்மன் மெல்வதை நிறுத்தினார்.

“அந்தச் சத்தத்துல, நாந்தான் கேட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.”

“அப்புறம் ஏன் என் பொறுப்புன்னு சொன்னீங்க?”

“பெஞ்சுப் பக்கத்துலேருந்து வர்ற சத்தம் எல்லாம் என் கணக்குதான் எல்டன். ஒம்பது வருஷமா.”

புதன்கிழமை கமிட்டி கூடி ஃபெல்மனுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தது. எல்டனின் இருக்கையைப் பறிக்கவில்லை; முப்பத்தோராம் வரிசைக்கு ஏற்றிவிட்டார்கள். என்னையும் அங்கேயே மாற்றும்படி கடிதம் எழுதினேன். மேலிருந்து பார்த்தால் இருபத்திரண்டு பேரும் சோளக்கொல்லை போலத் தெளிவாகத் தெரிகிறார்கள். “இங்கேருந்து பாத்தா அந்தாளு இன்னும் மோசமா ஆடுறாரு” என்கிறார் எல்டன். நான் எண்ணுகிறேன். ஆட்டத்துக்கு இரண்டு முறையாவது “பாவங்க அவரு” என்கிறேன். ஆதாரம் இல்லாமல்தான். முதல் முறை சொன்னபோது அவர் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பதில் சொன்னார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கிளின்ட் வானிலைக்குப் போகக் கையை உயர்த்தினார். ஃபெல்மன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“எல்டன், ஒங்க பக்கத்துல ஒரு அம்மா இருப்பாங்களே. எனக்காகப் பேசுவாங்க. ஹெட்செட் போட்டிருந்தாலும் எனக்குக் கேக்கும். ‘பாவம்யா’ம்பாங்க. இந்த வருஷம் அந்தக் குரலையே காணோமே?”

எல்டன் வாயைத் திறந்தார். கூடம் காத்திருந்தது. வானொலியில் மௌனம் கூடாது. கிளின்ட் விரலைச் சுழற்றி, பேசு பேசு என்றார். மூன்று மாவட்டங்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

எல்டன் இடது உள்ளங்கையை மைக்கின் தலைமேல் வைத்து இறுக்கி மூடினார், மிரண்ட கன்றின் கண்ணை மூடுவதுபோல. மூடிய கையோடு மேசையைச் சுற்றிப் போனார். குனிந்தார். ஃபெல்மனின் காதருகே வாயை வைத்து, எனக்குக்கூடக் கேட்காத குரலில், சொன்னார்.